கணினியின் தளர்ச்சி

பாடசாலைக் கணினிக்கூடங்களிலே அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. "கணினி பழையதாகிவிட்டது, பத்துப் பக்கங்களைத் திறந்தால் நின்றுவிடுகிறது" என்பர். உடனே புதியன வாங்கவேண்டுமென்ற தீர்மானமும் நிறைவேறிவிடும். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர், இறக்குமதிப் பொருளாகிய கணினியை வாங்கிக் கொடுத்தல் பெற்றோர்க்கும் பழைய மாணவர்க்கும் இலேசான காரியமன்று. ஆதலின், தளர்ச்சி எவ்வுறுப்பில் உள்ளது என்பதை முதலில் ஆராய்தல் தகும்.

புரொசசர் என்பது கணினியின் எழுதுவினைஞர். றாம் எனப்படும் நினைவகம் அவர் முன்னுள்ள மேசை. வன்தட்டு, அடுத்த அறையிலுள்ள அலுமாரி. திறந்த பக்கங்கள் யாவும் மேசையில் இடம் பிடிக்கின்றன. எழுதுவினைஞரோ பெரும்பாலும் நாம் பார்க்கும் பக்கத்துக்கே உழைக்கிறார். மறைந்து கிடக்கும் பக்கங்களை உலாவிகள் அடக்கி வைக்கின்றன. 2021 முதல் குரோம் உலாவி, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கங்களிற் பலவற்றை நிமிடத்துக்கு ஒரு முறையே விழித்தெழ விடுகின்றது.

உழைப்பை அடக்குவது போல இடத்தை அடக்குதல் எளிதன்று. 2008 இல் வெளிவந்த குரோம், ஒரு பக்கம் பழுதுற்றால் ஏனையவை கெடாதிருக்கும் பொருட்டு அவற்றைத் தனித்தனியே இயக்கியது. 2018 இல் ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டபின் பிரிவினை மேலும் இறுகியது. அதனால் நினைவகத் தேவை 10 முதல் 13 சதவீதம் வரை கூடியதெனக் கூகிள் நிறுவனமே கூறிற்று. பாதுகாப்பின் பொருட்டு இதனைப் பொறுத்தே ஆகவேண்டும்.

மேசை நிறைந்ததும் சில தாள்கள் அலுமாரிக்குப் போகும். நினைவகத்தை எட்டுவதற்கு ஏறத்தாழ ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் வன்தட்டுக்கோ நூறில் ஒரு பங்கு வேண்டும். இலட்சம் மடங்கு வேறுபாடு! பழைய பக்கமொன்றைச் சொடுக்கியதும் திரை உறைந்து நிற்பது இதனாலேயே. எஸ்.எஸ்.டி. தட்டு இருப்பின் துன்பம் குறையும், முற்றாக நீங்காது.

இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. நினைவகம் நெருக்கடியுறும் போது, வின்டோஸ் 10 முதலியன அதில் உள்ளவற்றை ஒடுக்கி வைக்க முயலும். ஒடுக்கும் வேலை புரொசசருடையது. எனவே புரொசசர் இளைப்பதைக் கண்டு நோய் அதிலேதான் என்று தீர்த்துவிடலாகாது.

கணினி தளரும் வேளையிலே கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. தோன்றும் பட்டியலில் நினைவகம் 90 சதவீதத்தைத் தாண்டி, தட்டும் ஓயாது உழைக்குமாயின், குறைவு நினைவகத்திலேயே. பக்கங்கள் சிலவற்றை மூடியதும் வேகம் திரும்பினால் ஐயமே இல்லை. 4 கிகாபைற்றை 8 ஆக்கினால் அக்கணினி இன்னும் சில காலம் உழைக்கும். மாறாக, ஒரே பக்கம் திறந்திருக்கையிலும் காணொளி தடைப்பட்டு ஓட, புரொசசர் நூறை நெருங்கினால், நினைவகம் சேர்ப்பதாற் பயனில்லை. புதிய காணொளி முறைகளை விரிக்கும் தனிச்சுற்று பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. (இருபது பக்கங்களைத் திறந்து வைத்து ஒன்றையும் வாசியாதிருக்கும் மாணவனுக்கு எவ்வுறுப்பும் உதவாது, அது வேறு பேச்சு.)

நினைவகம் வாங்கச் செல்வோர் மூன்றைக் கவனித்தல் வேண்டும். 32 பிற் வின்டோஸ் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்டதைப் பயன்படுத்தாது. மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். டி.டி.ஆர். 3 வகைக்குரிய இடத்தில் டி.டி.ஆர். 4 பொருந்தாது, பழைய துண்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு செல்வதே நன்று.