எண்ணத் திணறும் கணினி: புது மெஷின்தான் வழியா?

கணினியில் பில் போடும் மளிகைக் கடைகள் தாம்பரம் முதல் பல்லாவரம் வரை பெருகிவிட்டன. ஆனால் நம்மிடையே ஒரு குறை கேட்கிறது. "ஏப்ரலில் எத்தனை பில்?" என்று கேட்டால் முதல் வருடம் நொடியில் வந்த விடை, நான்காம் வருடம் நிமிடக்கணக்கில் இழுக்கிறது. கல்லாவில் வாடிக்கையாளர் காத்து நிற்கிறார். சர்வீஸுக்கு வருபவர்கள் சிலர், "புது மெஷின் வாங்குங்கள், இல்லையேல் பழைய பில்களை அழித்துவிடுங்கள்" என்கிறார்கள்.

வணிகப் பெருமக்களே, இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஒரு வருடத்துக் கணக்குகளை அந்த வருட ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அழித்தால் நமக்கே வில்லங்கம்.

தாமதம் ஏன்? விவரங்களை அட்டவணைகளாக வைக்கும் முறையை 1970-ல் வகுத்துத் தந்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட். நம் பில்களும் அப்படித்தான் இருக்கின்றன. மை.எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் பலர் ஒரே நேரத்தில் பில் போடலாம். பாதியில் நிற்கும் பில்லைச் சேர்ப்பதா, விடுவதா என்பது பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறும். ஆகவே மொத்த எண்ணிக்கை தயாராக எழுதி வைக்கப்படுவதில்லை, கேட்கும்போதெல்லாம் எண்ணப்படுகிறது. பில் பெருகப் பெருக நேரமும் பெருகும்.

சாஃப்ட்வேர்காரரிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று:

1. பில் தேதிக்கு இண்டெக்ஸ் உண்டா? பேரேட்டின் முன்பக்கத்தில் பெயர்வாரியாகப் பக்க எண் எழுதுகிறோமே, அதே வேலைதான். இல்லையென்றால் கணினி முதல் பில்லிலிருந்து எல்லாவற்றையும் புரட்டும். 'எக்ஸ்ப்ளெய்ன்' என்ற கட்டளை இதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

2. கேள்வி எப்படி எழுதப்பட்டிருக்கிறது? "மாதம் ஏப்ரலா?" என்றால் ஒவ்வொரு பில்லிலும் மாதத்தைப் பிரித்துப் பார்க்க நேரும்; இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாது. "ஏப்ரல் 1 முதல் ஏப்ரல் 30 முடிய" என்று கேட்டால் அந்தப் பகுதியை மட்டும் எடுக்கும்.

3. தினமும் கடை அடைக்கும்போது அன்றைய பில் எண்ணிக்கையைத் தனி அட்டவணையில் எழுதி வைக்க முடியுமா? முடிந்தால் மாதக் கணக்குக்கு முப்பது வரிகளைக் கூட்டினால் போதும். சிட்டையிலிருந்து பேரேட்டுக்குத் தினம் ஏற்றிய நமக்கு இது புதிதல்ல.

இந்த மூன்றையும் செய்து பார்த்த பிறகும் தாமதம் தீரவில்லையென்றால், புது மெஷினுக்கு விலை கேட்போம். அதுவரை பணம் சரக்கில் இருக்கட்டும்.