கண்ணகி ஏன் அழுதாள்?

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, வயல்களும் காடும் கைகோத்து நிற்கும் ஊர் அக்கராயன். முன்னொரு காலத்தில் இப்பகுதியை ஆண்ட அரசன் ஒருவனின் பெயரே ஊருக்கும் குளத்துக்கும் வந்தது என்பது இங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. 2008ஆம் ஆண்டில் போர் நெருங்கியபோது இவ்வூர் ஆளின்றி வெறிச்சோடிப் போயிற்று. பின்னர் மக்கள் திரும்பி வந்தனர், பற்றைகளை வெட்டினர், வீடுகளுக்குக் கூரை வேய்ந்தனர், பாடசாலைகளும் மணி அடித்தன.

அத்தகைய பாடசாலை ஒன்றில் நாடக ஒத்திகை பார்க்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிடைத்தது. கல்விப் பொதுத் தராதர உயர்தர வகுப்பில் ‘நாடகமும் அரங்கியலும்’ என்பது ஒரு பாடமாக இருப்பதை வாசகர்கள் அறிவர். அப்பாடத்தைப் பயிலும் மாணவியொருத்திக்குக் கண்ணகி வேடம் அளித்திருந்தார்கள். ஊர் இடம்பெயர்ந்தபோது தாயின் தோளிற் கிடந்து போன கைக்குழந்தை அவள். இன்று குரல்வளமும் துணிவும் வாய்ந்த குமரியாக மரநிழலில் நின்றாள்.

கோவலன் கொலையுண்டான் என்ற செய்தி கேட்டு, எஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்திக் கண்ணகி மதுரைத் தெருக்களில் வரும் காட்சி. அவள் கூந்தலை விரித்தாள், மார்பில் அறைந்தாள், கண்களை இறுக மூடி அலறினாள், மண்ணில் விழுந்தாள். சக மாணவர்கள் கைதட்டினார்கள். அவளோ எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, நம்மிடம் வந்து, “அழுகை சரியா வருகுதில்லை, சேர்” என்றாள்.

கைதட்டலுக்குப் பின்னரும் தன் குறையைத் தானே கண்ட அந்த அடக்கம் நமக்கு மகிழ்ச்சி தந்தது.

“பிள்ளை, கண்ணகி எதற்காகத் தெருவுக்கு வருகிறாள்?” என்று கேட்டோம்.

“அழுறதுக்கு, சேர்.”

“அழுவதற்கு ஆயர்சேரி போதாதா? மாதரி வீட்டிலேயே இருந்து அழலாமே!”

சிறிது நேரம் யோசித்தாள். “அவரைத் தேடி வாறா.”

“தேடி வருகிறவள் கண்ணை மூடிக்கொண்டா வருவாள்?”

அவள் விடை கூறவில்லை. ஆனால் அவள் முகத்தில் ஒரு கதவு திறந்ததை நாம் கண்டோம். நடிப்புக் கலையின் முதற்பாடம் அந்தக் கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

திரைமடிப்பில் ஓர் ஊசி

ருஷிய நாட்டு நாடகப் பேராசான் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி (1863 – 1938) இப்பாடத்தை ஒரு கதையாகவே சொல்லியிருக்கிறார். 1898இல் நெமிரோவிச் தாஞ்செங்கோ என்பாருடன் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கை நிறுவியவர் அவர். நடிகனின் பயிற்சி பற்றி அவர் எழுதிய நூல் 1936இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பாத்திரத்தை உருவாக்குவது பற்றிய அடுத்த நூல், அவர் மறைவுக்குப் பின், 1949இல் ஆங்கிலத்தில் வந்தது. நாடக மாணவன் ஒருவனின் நாட்குறிப்பைப் போலவே இவை எழுதப்பட்டுள்ளன.

முதல் நூலில் மரியா என்ற மாணவி வருகிறாள். அவளுடைய தாய்க்கு வேலை போய்விட்டதாம். பள்ளிக்குக் கட்டணம் செலுத்த வழியில்லையாம். தோழி ஒருத்தி தன் விலையுயர்ந்த ஊசிப்பதக்கத்தைக் கொடுக்க முன்வந்து, அதைத் திரையின் மடிப்பிலே குத்திவிட்டுப் போனாளாம். அந்த ஊசியைத் தேடுவதாக நடிக்கவேண்டும். மரியா மேடையில் அங்குமிங்கும் ஓடினாள், தலையைப் பிடித்துக்கொண்டாள், திரையைப் பற்றி உலுக்கினாள். மிக நன்றாக நடித்துவிட்டோம் என்ற பூரிப்போடு இறங்கி வந்தாள். “ஊசி எங்கே?” என்று ஆசான் கேட்டார். அவள் அதை மறந்தே போனாள்!

ஊசி கிடைக்காவிட்டால் பள்ளியில் இடமில்லை என்று கூறி, ஆசான் அவளை மீண்டும் அனுப்பினார். இம்முறை அவள் ஓடவில்லை, அழவுமில்லை. மடிப்பு மடிப்பாகத் திரையை விரித்துத் தேடினாள். கிடைக்கவில்லை என்ற அச்சம் உண்மையாகவே அவளைப் பற்றிக்கொண்டது. முதல் முறை தனக்கு மிகவும் பிடித்திருந்தது என்றாள் மரியா; பார்த்திருந்தவர்களை நம்பவைத்ததோ இரண்டாம் முறைதான்.

உணர்ச்சியை நேரே பிடித்திழுக்க முயன்றால் அது வாராது; செய்யவேண்டிய காரியத்தை மெய்யாகச் செய்தால் உணர்ச்சி தானே பின்னால் வரும். பேராசானின் கருத்து இதுவே.

தொல்காப்பியர் காட்டும் வழி

இது மேல்நாட்டார் மட்டுமே கண்டறிந்த புதுமையன்று. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றொரு பகுதி உண்டு. நகை, அழுகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் ஆசிரியர், கண்ணீர் இப்படி வரும், உதடு இப்படித் துடிக்கும் என்று விளக்கவில்லை. ஒவ்வொன்றும் எதனின்று பிறக்கிறது என்றே வகுத்துக் காட்டுகிறார். அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு: உரியதை இழத்தல், பிறரால் இகழப்படுதல், முன்னைய நிலையிலிருந்து தளர்தல், வறுமை.

கண்ணகியை இந்த நான்கிலும் வைத்துப் பாருங்கள். கணவனை இழந்தாள், கள்வன் மனைவி என்ற பழியை ஏற்றாள், புகாரின் பெருவணிகர் குடியிலிருந்து ஆயர்சேரிக்கு வந்தாள், கையில் மிஞ்சியது ஒரு சிலம்பு. நான்கும் ஒருங்கே வந்து தாக்கிய பெண் அவள். எந்த அடியில் எந்தத் துயர் மேலெழுகிறது என்று கண்டுகொண்ட நடிகைக்குக் கண்ணீரைத் தேடி அலையவேண்டிய அவசியமில்லை.

உடம்பும் இதற்குத் துணை செய்யவேண்டும். காவிரிக்கரை நகரிலிருந்து கவுந்தியடிகளோடு மதுரை வரை கால்நடையாக வந்தவள் கண்ணகி. அதற்குமுன் தெருவழி நடந்து பழகாத செல்வமகள். அவள் பாதங்கள் எப்படி இருந்திருக்கும்? சிலம்பை எந்தக் கையில், எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருப்பாள்? இக்கேள்விகளை எழுதிக்கொண்டு போன நம் மாணவி, மறுநாள் நண்பகலில் செருப்பின்றிக் குளக்கட்டில் நடந்து பார்த்தாளாம். “கால் சுட்டது சேர், ஆனால் நடை தானா மாறிற்றுது” என்றாள்.

இரு மாணவியர் ஏற்ற இளவரசி

நம் நாட்டிலேயே மாணவியர் இத்தகைய சோதனையை எதிர்கொண்ட வரலாறு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரா, சிங்களத்து ‘நாடகம’ என்னும் கூத்துமரபைத் தழுவி ‘மனமே’ நாடகத்தை ஆக்கினார். அம்மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. 1956 நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அது முதன்முதல் மேடையேறிற்று. மனமே இளவரசியாக, திரிலீஷியா, ஹேமமாலி என்னும் மாணவியர் இருவர் மாறிமாறி நடித்தனர். முன்னவர் திரிலீஷியா குணவர்த்தன என்ற பெயரோடு பின்னர் புகழ்பெற்ற நடிகையானார்.

பழைய ஜாதகக் கதையில் இளவரசி, வேடர் தலைவன்மேல் மையல்கொண்டு, கணவனைக் கொல்ல வாளை அவனிடம் கொடுக்கிறாள். சரச்சந்திரா அதை மாற்றினார். தனியனாய்ப் போரிட்ட வேடனைக் கொல்லாது விடும்படி இளவரசி கணவனிடம் வேண்டுகிறாள், அத்தயக்கத்தின் நடுவே வாள் வேடன் கைக்குப் போய்விடுகிறது, இளவரசன் மாள்கிறான். அவள் நெஞ்சில் இருந்தது இரக்கமா, மையலா? கெட்டவள் என்று முகத்தில் எழுதிக்கொண்டு வந்தாலும், உத்தமி என்று எழுதிக்கொண்டு வந்தாலும் நாடகம் விழுந்துவிடும். அந்தக் கணத்தில் அவள் வேண்டுவது என்ன என்பதைப் பற்றிக்கொண்டு நின்றால்தான் பாத்திரம் உயிர்பெறும்.

வன்னியிலும் இதற்கு மூத்த மரபு ஒன்று இருக்கிறது. முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்து வழிவழியாக ஆடப்பட்டு வருகிறது. மதுரையை எரித்த கண்ணகி சினந்தணிய வந்தமர்ந்த இடம் வற்றாப்பளை என்பது மக்கள் நம்பிக்கை. அக்கூத்திலே முற்காலத்தில் கண்ணகியாக ஆடியோர் ஆடவரே. மாதக்கணக்கில் அண்ணாவியாரிடம் பாட்டும் ஆட்டமும் பழகியே அவர்கள் களரியில் இறங்கினர். இன்று அந்த வேடம் பெண்பிள்ளைகளின் கைக்கு வந்திருப்பது பெறுதற்கரிய பேறு. அதற்கேற்ற பொறுப்பும் உண்டு.

ஆச்சி சொன்ன சொல்

அந்தப் பொறுப்பு எத்தகையது என்பதை மாணவியே நமக்கு உணர்த்தினாள். இரண்டாம் நாள் ஒத்திகைக்கு முன் தயங்கித் தயங்கி வந்து, “சேர், எங்கட பக்கத்து வீட்டு ஆச்சியின்ர மகன் காணாமற் போனவர். அவ இண்டைக்கும் தேடுறா. நான் அவவைப் பாத்து, அவவைப்போலச் செய்யட்டோ?” என்று கேட்டாள். 

நாம் உடனே விடை கூற இயலாது நின்றோம். கலைஞர் உலகைக் கண்டு கற்கவேண்டும் என்று வகுப்பறையில் பலகாலம் போதித்திருக்கிறோம். ஆயினும், ஆறாத புண்ணைப் பார்த்து வரைந்து பரிசு வாங்குவது கற்றலாகுமா? அந்த ஆச்சி பார்வையாளர் நடுவே அமர்ந்து, தன் கைநடுக்கத்தையே மேடையிற் கண்டால் அவர் நெஞ்சு என்ன பாடுபடும்?

“அவரைப்போலச் செய்யாதே, பிள்ளை. அவர் எதற்காகத் தேடுகிறார் என்பதை மட்டும் அறிந்துகொள். அதுவும் ஒளிந்திருந்து பார்த்தன்று, அருகிருந்து கேட்டு” என்றோம்.

அன்று மாலையே அவள் ஆச்சியிடம் போயிருக்கிறாள். நாடகத்தைச் சொல்லி, அழுவது எப்படி என்று தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். ஆச்சி வெற்றிலையை மடித்தபடி சொன்னாராம்: “சத்தம் போட்டு அழாதை மோனை. சத்தம் போட்டால் அவன் கூப்பிடுறது கேளாது.”

இதனைக் கேட்டபோது நாம் சிலப்பதிகாரத்தை நினைத்துக்கொண்டோம். வெட்டுண்டு கிடந்த கோவலன் எழுந்து, கண்ணகியின் கண்ணீரைத் துடைத்து, அவளோடு பேசுவதாக இளங்கோவடிகள் பாடியிருக்கிறார். எத்தனையோ முறை வகுப்பிலே அப்பகுதியைக் கற்பித்திருந்தும், கேட்பதற்காகவே கண்ணகி வாய்மூடி நின்ற ஒரு கணம் அங்கு இருந்திருக்கவேண்டும் என்பது நமக்குத் தோன்றியதில்லை. ஏடறியாத மூதாட்டி அதை அறிந்திருந்தார்.

மூன்றாம் நாள் ஒத்திகையில் மாணவி ஓடவில்லை. வெயிலில் நடந்த கால்களோடு மெல்ல வந்தாள். ஒவ்வொரு வாசலையும் பார்த்தாள். ஓரிடத்தில் நின்று, சிலம்பு ஒலிக்காதபடி மறுகையால் பொத்திக்கொண்டு, செவிசாய்த்தாள். பின்னர்தான் வாய் திறந்து கேட்டாள். இம்முறை எவரும் கைதட்டவில்லை. ஒத்திகை முடிந்ததென்று ஆசிரியை சொல்லும்வரை ஒருவரும் அசையவுமில்லை.

குறைகள் இன்னும் உண்டு. சொல்லின் கடைசி எழுத்துகளை விழுங்குகிறாள். பின்வரிசைக்குக் குரல் எட்டவில்லை. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறினாள் என்று சிலம்பு கூறுகிறது. நம் மாணவிக்கு வாய்த்ததோ சில கிழமைகள். குரலைப் பயிற்சியாற் சீர்செய்யலாம்; கேட்கக் கற்றுக்கொண்ட நெஞ்சம் அதனினும் அரிது.

நாடகம் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, “இதனால் என்ன பயன்?” என்று வினவும் பெற்றோர் பலர். பரீட்சைப் புள்ளி ஒருபுறம் இருக்கட்டும். பிறர் துயரை உரத்துப் பாடாமல், அருகில் அமர்ந்து அது எதைத் தேடுகிறது என்று கேட்கும் பழக்கம் ஒரு பிள்ளைக்கு வருமாயின், அது மேடையோடு முடிந்துபோகும் கல்வியன்று. அரங்கேற்றத்துக்கு ஆச்சியையும் அழைத்திருப்பதாக மாணவி கூறினாள். முன்வரிசையில் அவருக்கு ஓர் ஆசனம் போடுமாறு ஆசிரியையிடம் சொல்லிவிட்டு நாம் விடைபெற்றோம்.