திருப்பிப் படித்தால் ‘மேட்டாஸ்’!

ஐதராபாத் ‘சத்யம்’ கம்ப்யூட்டர் கம்பெனி சேர்மனாக இருந்தவர் ராமலிங்க ராஜு. ஆங்கிலத்தில் ‘சத்யம்’ எழுத்தைத் திருப்பிப் படித்தால் ‘மேட்டாஸ்’. அந்தப் பெயரில் அவருடைய மகன்கள் நடத்தியவை 2 கட்டுமானக் கம்பெனிகள்!

அவற்றை 160 கோடி டாலருக்குச் சத்யம் வாங்கப்போவதாக 2008 டிசம்பர் 16-ல் அறிவிப்பு.

சத்யத்தில் ராஜு குடும்பத்தின் பங்கு 10 சதவீதம்கூட இல்லை. மேட்டாஸிலோ 30-க்கு மேல். வாங்குறது அப்பா, விக்கிறது பிள்ளைங்க. அப்போ விலை பேசுனது யாரு?

பங்குதாரர்கள் கொதித்தார்கள். சில மணி நேரத்தில் பேரம் ரத்து!

2009 ஜனவரி 7-ல் ராஜுவே கடிதம் எழதினார். கணக்கில் காட்டிய ரூ.5 ஆயிரம் கோடிக்கு மேல் ரொக்கம் வெறும் பொய்யாம்! அந்தப் பள்ளத்தை மேட்டாஸ் சொத்தை வைத்து மூடத்தான் இந்தப் பேரமாம்.