பளு யார் மேல்?

தமிழ் வழியில் படித்த மாணவர் ஒருவர் மேல்வகுப்பில் ஆங்கில இயற்பியல் நூலைத் திறக்கிறார் என்று கொள்வோம். சீரான கம்பி ஒன்று நடுவில் ‘சப்போர்ட்’ செய்யப்பட்டிருப்பதாக முதற் கணக்கு தொடங்குகிறது. சப்போர்ட் என்றால் உதவி, ஆதரவு என்று அவர் மனப்பாடம் செய்திருக்கிறார். கம்பிக்கு யார் உதவுவது? எதற்காக? அவருக்குக் கணக்குத் தெரியும். சொல்தான் வழியை மறிக்கிறது.

உதவியைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. எல்லாவற்றிற்கும் ஒரே பொருள் என்று எண்ணுவதால்தான் இத்தடுமாற்றம். ஒரு பளுவையும் அதைச் சுமப்பவரையும் மனத்தில் கொள்ளுங்கள். ‘இப்பொழுது பளு யார் மேல்?’ என்று கேட்டால் வேறுபாடு விளங்கிவிடும்.

ஹெல்ப், அசிஸ்ட்

ஹெல்ப் என்பது பழைய ஆங்கிலச் சொல். எவ்வகை உதவிக்கும் பொருந்தும். அசிஸ்ட் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘அருகில் நிற்றல்’ என்பது அதன் மூலப்பொருள். மருத்துவர் அறுவை சிகிச்சை செய்கிறார். கருவிகளை எடுத்துத் தரும் செவிலியர் அசிஸ்ட் செய்கிறார். முக்கியப் பளு மருத்துவர் மேல்தான். எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹெல்ப்புக்குப் பின் ‘டு லிஃப்ட்’ என்று வரலாம். அசிஸ்டுக்குப் பின் ‘இன் லிஃப்டிங்’ என்று எழுதுவதே நல்ல வழக்கு.

சப்போர்ட்

லத்தீனில் இதற்குக் ‘கீழிருந்து சுமத்தல்’ என்று பொருள். ரயில் நிலையத்துப் போர்ட்டரும், கையில் தூக்கிச் செல்லும் போர்ட்டபிள் ரேடியோவும் இச்சொல்லுக்கு உறவு.

கோபிசெட்டிபாளையம் பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் விளையும் வாழையைப் பாருங்கள். தார் பெருக்கப் பெருக்க மரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. 20 கிலோகிராம் தார், மரத்தின் அடியிலிருந்து கிடையாக அரை மீட்டர் தள்ளித் தொங்குவதாகக் கொள்வோம். அதன் திருப்புத்திறன் 20 × 9.8 × 0.5 = 98 நியூட்டன் மீட்டர். காற்றும் சேர்ந்தால் மரம் விழுந்துவிடும். ஆகவே சாயும் பக்கத்தில் கம்பு நட்டு முட்டுக் கொடுக்கிறார்கள். முட்டு, எதிர்த்திசையில் திருப்புத்திறனை அளித்து மரத்தை நிறுத்துகிறது.

சப்போர்ட் என்பது இந்த முட்டுதான். கணக்கில் வந்த கம்பிக்கும் இதுவே பொருள். நடுவிலுள்ள தாங்கி, மேல்நோக்கிய எதிர்விசையால் அதன் எடையைத் தாங்குகிறது. ஒரு தாய் தையல் வேலை செய்து குடும்பத்தைச் சப்போர்ட் செய்கிறார் என்றால், ஏதோ சிறிது ஒத்தாசை செய்கிறார் என்று பொருளன்று. குடும்பமே அவர் உழைப்பில் நிற்கிறது.

ரிலீவ்

‘மீண்டும் இலேசாக்குதல்’ என்னும் பொருளில் பிறந்தது. நெம்புகோலைக் குறிக்கும் லீவர் என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே. பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களைக் கண்டிருப்பீர்கள். நட்ட இரு கற்களின் மேல் ஒரு கல் கிடையாக இருக்கும். கருவுற்றிருந்தபோது இறந்த பெண்களின் நினைவாக அவற்றை அமைப்பதுண்டு. தலைச்சுமையுடன் வருபவர், பிறர் துணையின்றிச் சுமையை அதில் இறக்கி இளைப்பாறலாம். சுமையின் எடை சிறிதும் குறையவில்லை. உடலை விட்டுக் கல்லுக்கு மாறியிருக்கிறது. பளு கைமாறுவதே ரிலீவ்.

ரீஇன்ஃபோர்ஸ்

இதில் ஃபோர்ஸ், அதாவது வலிமை, வெளிப்படையாகவே இருக்கிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும்; இழுவிசையைத் தாங்காது. உத்தரம் பளுவினால் வளையும்போது அதன் அடிப்பகுதி இழுபடும். அங்கே எஃகுக் கம்பிகளை வைத்து வலுவூட்டுகிறார்கள். இங்குப் பளு கைமாறவில்லை. உத்தரமே சுமக்கிறது, சுமக்கும் ஆற்றல் கூடியிருக்கிறது. நண்பனின் கணக்கை நீங்களே போட்டுக் கொடுத்தால் அவனுக்கு அன்றைய பளு நீங்கும். போடும் முறையில் அவனைப் பழக்கினால் அவனுக்கு வலுவூட்டுகிறீர்கள். தேர்வு அறையில் எது கைகொடுக்கும்?

சஸ்டெயின்

தொடர்ந்து நடக்கச் செய்தல் என்பது இதன் பொருள். நம் பக்கம் தூரி எனப்படும் ஊஞ்சல், ஒருமுறை தள்ளிவிட்டால் காற்றின் தடையாலும் உராய்வாலும் மெல்ல மெல்ல ஓய்ந்துவிடும். ஒவ்வொரு வீச்சிலும் இழந்த ஆற்றலை உரிய நேரத்தில் சிறு தள்ளலால் ஈடு செய்தால் ஓயாது ஆடும். இத்தகைய ஆட்டத்தை விவரிக்கும் ஆங்கிலச் சொல் சஸ்டெயின்ட் என்பதே.

பயிற்சி

கீழ்க்கண்டவற்றிற்கு உரிய சொல் எது?

1. இரவுக் காவலர் வந்து பொறுப்பேற்றதும் பகற்காவலர் வீடு திரும்புகிறார்.
2. புத்தகப் பையின் பிடி பிய்ந்துவிடாதபடி இன்னொரு துணி வைத்துத் தைக்கிறோம்.
3. ஆசிரியர் சோதனையைச் செய்ய, மாணவர் அளவுகளைக் குறித்துத் தருகிறார்.

விடைகள்: 1. ரிலீவ். 2. ரீஇன்ஃபோர்ஸ். 3. அசிஸ்ட்.