ஷுட்லரின் கால்கள்

ஜெர்மன் டென்னிஸ் என்றால் நம் ஊரில் இரண்டே பெயர்கள்தான். போரிஸ் பெக்கர், ஸ்டெஃபி கிராஃப். பெக்கர் 17 வயதில் விம்பிள்டனை வென்றார். ஸ்டெஃபி 13 வயதிலேயே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்துவிட்டார். மூன்றாவதாக ரைனர் ஷுட்லர் பெயரை நான் எடுத்தால், கிளப்பில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள், “யாரு, அதிர்ஷ்டத்துல ஃபைனல் வந்தாரே, அவரா?” என்று கேட்பார்கள். பல வருடங்களாக இந்தப் பேச்சு என்னை உறுத்துகிறது. அவர் ஆடியதைச் சில அடி தூரத்தில் நின்று பார்த்தவன் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

1999 ஏப்ரல். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் கோல்ட் ஃப்ளேக் ஓப்பன். வங்கியில் லீவு போட்டுவிட்டு லைன் அம்பயராக நின்றுகொண்டிருந்தேன். இந்த வேலையைப் பற்றி வெளியில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. லைன் அம்பயர் பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டக் கூடாது. பந்து விழுவதற்கு முன்பே அவர் பார்வை கோட்டில் போய் நிற்க வேண்டும். அதனால் பேஸ்லைனில் நிற்கிற எங்களுக்கு ஆட்டக்காரரின் முகத்தைவிடக் கால்கள்தான் நன்றாகத் தெரியும். எத்தனையோ கால்களைப் பார்த்திருக்கிறேன். ஷுட்லருடைய கால்கள்போல ஓய்வில்லாத கால்களைப் பார்த்ததில்லை. பந்து எதிராளியிடம் இருக்கும்போதும் சின்னச் சின்ன அடிகளாக நகர்ந்துகொண்டே இருக்கும். பந்து வந்து சேரும்போது அவர் ஏற்கெனவே சரியான இடத்தில் நின்றிருப்பார். எட்டிப் பிடிக்கிற அவசரம் அபூர்வம். அந்தப் பங்குனிப் புழுக்கத்தில், மற்றவர்கள் துண்டைத் தேடிப் போகிற நேரத்திலும் அந்தக் கால்கள் நிற்கவில்லை.

அவர் அந்த ஜனவரியில்தான் தோஹாவில் டிம் ஹென்மனைத் தோற்கடித்துத் தன் முதல் ஏடிபி பட்டத்தை வாங்கியிருந்தார். சென்னையிலும் இறுதிப் போட்டி வரை வந்தார். அங்கே ஜிம்பாப்வேயின் பைரன் பிளாக்கிடம் 6-4, 1-6, 6-3 என்று தோற்றார். (சானியா மிர்சாவோடு பிற்பாடு இரட்டையர் ஆடிய காரா பிளாக்கின் அண்ணன்தான் இந்த பைரன்.)

ஷுட்லர் 1976இல் கோர்பாக் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். தொழில்முறைக்கு வந்தது 1995இல், ஏறக்குறைய 19 வயதில். உயரம் ஆறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. எதிராளியை மிரட்டுகிற சர்வ் கிடையாது, ஒரே அடியில் பாயின்ட்டை முடிக்கிற ஃபோர்ஹேண்டும் கிடையாது. பெரிய ஆயுதம் இல்லாதவன் என்ன செய்ய முடியும்? எதிராளியின் சர்வை ஒழுங்காகத் திருப்பலாம், இரண்டு கையால் அடிக்கும் பேக்ஹேண்டை நம்பலாம், இன்னும் ஒரு பந்து, இன்னும் ஒரு பந்து என்று எதிராளியை ஆட வைக்கலாம். கேட்க எளிதாக இருக்கும். ஐந்து செட் ஆட்டத்தில் கடைசிவரை இப்படி ஆடுவதற்கு உடம்பு எஃகாக இருக்க வேண்டும்.

இனி அந்த அதிர்ஷ்டக் கதைக்கு வருகிறேன். 2003 ஆஸ்திரேலிய ஓப்பனில் அவர் 31ஆவது சீட். மூன்றாவது சுற்றில் எதிரில் வந்திருக்க வேண்டிய மராட் சஃபின் காயத்தால் விலகினார், ஷுட்லருக்கு வாக்ஓவர் கிடைத்தது. அரையிறுதியில் வந்த ஆண்டி ராடிக், முந்தைய ஆட்டத்தில் யூனெஸ் எல் அய்னாவியோடு ஐந்தாவது செட்டை 21-19 வரை ஆடி முடித்துவிட்டுக் களைத்துப்போய் வந்தார், மணிக்கட்டிலும் வலி. இவை இரண்டும் உண்மைதான். ஆனால் நடுவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. நான்காவது சுற்றில் ஜேம்ஸ் பிளேக்கை வென்றார். காலிறுதியில் வந்தவர் டேவிட் நல்பாந்தியன், ஆறு மாதத்துக்கு முன் விம்பிள்டன் இறுதிப் போட்டி ஆடியவர். ஆளுக்கு ஒரு செட் என்று சமமாகியிருந்த நிலையில் ஷுட்லர் அடுத்த இரண்டு செட்டையும் 6-1, 6-0 என்று எடுத்தார். இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது?

இறுதிப் போட்டியில் ஆண்ட்ரே அகாசி அவரை 6-2, 6-2, 6-1 என்று ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். அன்று அகாசிக்கு 32 வயது, அது அவருடைய எட்டாவது கிராண்ட்ஸ்லாம் பட்டம். அகாசியும் பேஸ்லைனில் நின்று ஆடுகிறவர்தான். ஷுட்லர் செய்கிற எல்லாவற்றையும் அரை அடி முன்னால் நின்று செய்தார். அந்தத் தோல்வி ஒன்றைத்தான் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது. அதே வருடம் டோக்கியோவிலும் லியோனிலும் அவர் பட்டம் வென்றார். ஹூஸ்டன் மாஸ்டர்ஸ் கோப்பையில் அரையிறுதிக்கு வந்து அதே அகாசியிடம் முதல் செட்டைப் பறித்த பிறகுதான் தோற்றார். 2004 ஏப்ரலில் மான்டிகார்லோ இறுதிப் போட்டி வரை போய் உலகத் தரவரிசையில் 5ஆம் இடத்தைத் தொட்டார்.

அந்த ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ். நம் வீடுகளில் அந்த இரட்டையர் அரையிறுதியை மறந்திருக்க மாட்டார்கள். பயஸ்-பூபதி ஜோடிக்குப் பதக்கம் நிச்சயம் என்று காத்திருந்தோம். 6-2, 6-3 என்று அவர்களை வீழ்த்தியது நிக்கோலஸ் கீஃபரும் ஷுட்லரும்தான். அதற்குப் பிறகு வெண்கலத்துக்கான ஆட்டத்தையும் நம்மவர்கள் குரோஷியாவிடம் 16-14 என்று கடைசி செட்டில் இழந்தார்கள். அந்த வருத்தத்தில், தங்கத்துக்கான ஆட்டத்தை இங்கே பலர் பார்க்காமலே விட்டுவிட்டார்கள். சிலியின் மாசூ-கொன்சாலெஸ் ஜோடிக்கு எதிராக ஜெர்மானியர்கள் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தார்கள். நான்காவது செட் டைபிரேக்கில் 6-2. வரிசையாக நான்கு மேட்ச் பாயின்ட். ஒன்றை எடுத்தால் தங்கம். நான்கும் போயின. அந்த செட் போயிற்று, நள்ளிரவைத் தாண்டி ஐந்தாவது செட்டும் 6-4 என்று போயிற்று. சிலி நாட்டுக்கு ஒலிம்பிக்ஸில் முதல் தங்கம் கிடைத்த இரவு அது. ஷுட்லருக்கு வெள்ளி.

பிறகு சரிவு. தரவரிசையில் இறங்கிக்கொண்டே வந்து, 2008 விம்பிள்டனுக்கு வரும்போது 94ஆம் இடத்தில் இருந்தார், வயது 32. அந்த வயதில் அந்த இடத்தில் இருக்கிறவர்கள் ஊருக்குத் திரும்பி அகாடமி தொடங்குவதைப் பற்றி யோசிப்பார்கள். அவர் இரண்டாவது சுற்றில் ஐந்து செட் ஆடி ஜேம்ஸ் பிளேக்கை வெளியேற்றினார். காலிறுதியில் பிரான்சின் அர்னோ கிளெமென்ட், லியோன் இறுதிப் போட்டியில் ஷுட்லரிடம் தோற்றவர். 6-3, 5-7, 7-6, 6-7, 8-6. ஐந்து மணி 12 நிமிடம், இரண்டு நாள் ஆட்டம். ஐந்தாவது செட்டில் அன்றைக்கு டைபிரேக் கிடையாது, இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடித்தான் ஆக வேண்டும். அரையிறுதியில் நடாலிடம் தோற்றார். ஃபெடரரோடு அந்தப் புகழ்பெற்ற இறுதிப் போட்டியை ஆடி வென்ற நடால் அவர். தோல்வி என்றாலும், 94ஆம் இடத்துக்காரருக்கு விம்பிள்டன் அரையிறுதி. இந்த முறை வாக்ஓவர் எதுவும் இல்லை.

2012இல் ஓய்வை அறிவித்தார். பிறகு ஆஞ்சலிக் கெர்பருக்குச் சில மாதம் பயிற்சியாளராக இருந்தார். 2020இல் ஜெர்மன் மகளிர் அணியின் கேப்டன் ஆனார். நான் நின்ற அந்தச் சென்னைப் போட்டி 2017க்குப் பிறகு புனேவுக்குப் போய்விட்டது. விம்பிள்டனிலேயே லைன் அம்பயர்களை எடுத்துவிட்டு மின்னணுக் கருவியை வைத்துவிட்டார்கள்.

சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளை டென்னிஸ் கோர்ட்டுக்கு அழைத்து வரும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று: “பையன் உயரமா இல்லையே சார், வருவானா?” அவர்களுக்கு நான் சொல்வது, ஷுட்லர்-கிளெமென்ட் ஆட்டத்தைத் தேடிப் பிடித்துப் பையனோடு உட்கார்ந்து பாருங்கள். பந்தைப் பார்க்க வேண்டாம். கால்களைப் பாருங்கள்.