ஆட்டக்காரர் பயிற்றுநர் ஆகும்போது

விளையாட்டு பொழுதுபோக்கா, பிழைப்புக்குரிய தொழிலா என்னும் வினா நெடுங்காலமாக எழுந்து வருவது. சாந்தன்பாறையின் ஏலத் தோட்டங்களிலும், அடுத்துள்ள மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் அன்பர்களுக்கு அது புதிய வினாவன்று. மூணாற்றில் பின்லே கேடயத்துக்காக மோதும் தோட்டத் தொழிலாளர் அணிகளை அவர்கள் அறிவார்கள். அங்கே ஆட்டக்காரருக்குச் சோறிடுவது தோட்ட வேலை. பந்து அவருக்கு மகிழ்ச்சி தருவது. பந்தே சோறிட வேண்டும் என்றால் என்ன நேரும்? கேரளம் இதற்குக் கண்ட விடையைச் சாலக்குடியில் பிறந்த டி. கே. சாத்துண்ணியின் வாழ்விலே காணலாம்.

அதற்குமுன், இதே சோதனையை மேற்கொண்ட ஓர் அயல்நாட்டாரை நினைவுகூர்வது பயன் தரும். 1835-இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஹாரி ரைட், ஊதியம் பெற்றுக் கிரிக்கெட் ஆடியவரின் மகன். தாமும் அவ்வாறே ஆடிய பின்னர், அமெரிக்கர் போற்றும் பேஸ்பால் ஆட்டத்துக்கு வந்தார். 1869-இல் சின்சினாட்டி நகரில், ஆட்டக்காரர் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் வழங்கிய முதல் அணியை அவர் நடத்தினார். அவருக்கு 1,200 டாலர். மிகச் சிறந்த ஆட்டக்காரராகிய அவருடைய தம்பி ஜார்ஜுக்கு 1,400 டாலர். அவ்வாண்டு அந்த அணி தோல்வியே காணவில்லை. ஆயினும் 1870-ஆம் ஆண்டு முடிவதற்குள், சம்பளச் சுமை தாளாது சங்கம் அவர்களைக் கைவிட்டது. ரைட் பாஸ்டன் நகருக்குச் சென்றார். அங்கே அவர் நடத்திய அணி 1872 முதல் 1875 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடியது. அணி கலைந்தாலும், அணியை ஆக்கும் அறிவு அந்த மனிதரோடு பயணம் செய்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கேரளத்தின் தலைசிறந்த கால்பந்து ஆட்டக்காரர் பலருக்கு நெடுங்காலம் புகலளித்தவை இராணுவம், போலீஸ், வங்கி, ஆலை ஆகியவையே. வேலை கிடைத்தது, அதனோடு ஆட்டமும் நடந்தது. தற்காப்பு ஆட்டக்காரராகிய சாத்துண்ணியும் இவ்வழியே வந்தவர். இராணுவத்தில் சேர்ந்து சர்வீசஸ் அணிக்கு ஆடினார். பின்னர் கோவாவின் வாஸ்கோ கழகத்திலும், மும்பையின் ஆர்க்கே மில்ஸ் அணியிலும் ஆடினார். இந்திய அணியிலும் இடம் பெற்றார்.

ஆடும் பருவம் முடிந்ததும் அவர் பயிற்றுநரானார். ஆட்டக்காரர் தம் இடத்தைக் காத்தால் போதும். பயிற்றுநரோ பதினொருவரின் இடங்களையும் ஒருங்கே காண வேண்டும். எவரை நிறுத்துவது, எவரை மாற்றுவது, சோர்ந்த இளைஞரை எவ்வாறு தேற்றுவது என்பன யாவும் அவர் பொறுப்பு. சாத்துண்ணி கேரளப் போலீஸ் அணிக்குப் பயிற்சியளித்தார். ஐ. எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி முதலிய புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் அவரிடம் பயின்றவர்கள்.

1996-இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது. 1997-இல் கேரளத்தின் முதல் தொழில்முறைக் கழகமான எப்.சி. கொச்சின் பிறந்தது. பிறந்த ஆண்டிலேயே, கொல்கத்தாவின் மோகன் பகானை இறுதியாட்டத்தில் வென்று டுராண்ட் கோப்பையைக் கைப்பற்றியது. கேரள அணியொன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அக்கழகத்துக்கும் சாத்துண்ணி பயிற்றுநராகப் பணியாற்றினார். 1997–98 பருவத்தில் மோகன் பகான் முதன்முறையாகத் தேசிய லீக் பட்டம் பெற்றபோது, அதன் பயிற்றுநரும் அவரே.

ஆனால் கோப்பை வேறு, கருவூலம் வேறு. எப்.சி. கொச்சின் நிதி நெருக்கடியில் சிக்கிச் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. இலாகா அணியில் ஆடியவருக்கு ஆட்டம் ஓய்ந்த பின்னும் வேலை இருந்தது. கழகத்தை மட்டும் நம்பியவருக்கு அக்காப்பு இல்லை. தொழில்முறை ஆட்டத்தின் உயர்வும் இடரும் இதில் அடங்கும். கேரளக் கழகமொன்று மீண்டும் டுராண்ட் கோப்பையை வெல்ல 2019 வரை காத்திருக்க நேர்ந்தது; கோகுலம் கேரளா வென்றபோதும் இறுதியாட்டத்தில் எதிர்நின்றது மோகன் பகானே.

சாத்துண்ணி 2024 ஜூன் 12-ஆம் நாள் காலமானார். கோவா, கொல்கத்தா, கேரளம் என அவர் பல அணிகளுக்குப் பயிற்சியளித்தார். அவற்றுள் மறைந்ததும் உண்டு, நிலைத்ததும் உண்டு. அவரிடம் கற்றவர்களோ தாம் கற்றதைத் தம்முடன் கொண்டு சென்றனர். ஆதலால் ஊர் அணியொன்றை வளர்க்க விழைவோர், பந்தும் சட்டையும் வாங்குவதோடு நின்றுவிடலாகாது. ஆடி ஓய்ந்த மூத்தவர் ஒருவரை அழைத்து, உரிய ஊதியமும் மதிப்பும் தந்து, சிறுவரை அவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அச்செலவே நெடுநாள் பலன் தருவது.