அடையாள அட்டையும் ஒரு பாடப்புத்தகமும்

தரவுத்தளம் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் முதலில் அவர்களுடைய இலங்கைத் தேசிய அடையாள அட்டையை எடுக்கச் சொல்வேன். 1985 ஜனவரி 10இல் பிறந்த ஆணின் பழைய இலக்கம் 85010 என்று தொடங்கும். அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 85510. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. பெண்ணென்றால் அதோடு 500 கூடும். இப்படி ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். 2016இல் ஆண்டு நான்கு இலக்கமாக நீண்டது, வரிசை எண்ணிலும் ஓர் இலக்கம் கூடியது, எழுத்து போனது, மொத்தம் பன்னிரண்டானது.

வெள்ளவத்தையில் ஒரு ரியூசன் நிலையத்துக்கு நான் எழுதிக் கொடுத்த மாணவர் பட்டியல் அத்தோடு படுத்துவிட்டது. அடையாள அட்டை இலக்கத்தையே ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் சாவியாக வைத்து, அதற்குப் பத்தே எழுத்து இடம் ஒதுக்கியிருந்தேன். புது அட்டையோடு வந்த பிள்ளைகளைப் பட்டியல் ஏற்கவில்லை. பிழை என்னுடையதுதான். ஆனால் நான் படித்த தடித்த புத்தகத்தில் கட்டளைகள் பக்கம் பக்கமாக இருந்தன. வேறொருவர் கையில் இருக்கும், நாளை மாறக்கூடிய இலக்கத்தைச் சாவியாக்காதே என்று ஒரு வரி இல்லை.

மென்பொருளின் பதிப்பெண்ணை அட்டையில் பெரிதாகப் போட்ட புத்தகங்கள் சீக்கிரம் பழசாகும். அடிப்படை அப்படியல்ல. ஐபிஎம்மில் வேலை செய்த எட்கர் கொட் 1970இல் வெளியிட்டது பதினொரு பக்கக் கட்டுரை. தரவு வட்டில் எந்த மூலையில் கிடக்கிறது என்ற கவலையை விட்டு, அட்டவணைகளாகவும் அவற்றின் உறவுகளாகவும் அதை நினைக்கலாம் என்றார். அதன்மேல்தான் 1974இல் சேம்பர்லினும் பாய்சும் இன்றைய எஸ்கியூஎல் வினவல் மொழியின் முன்னோடியைக் கட்டினார்கள். ஆகவே மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரும் எழுதிய நூலின் பழைய பதிப்பு கிடைத்தால் தயங்க வேண்டாம். மாடுகள் அட்டையில் நிற்கும் ராமகிருஷ்ணன், கெர்கே நூலும் அப்படியே. சுதர்சனும் ராமகிருஷ்ணனும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள் என்பது நமக்கு ஒரு சின்னச் சந்தோஷம். தமிழில் தொடங்க விரும்பினால் து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ இலவச மின்னூலாகவே உண்டு.

நல்ல புத்தகம் கணினி எப்படித் தேடுகிறது என்பதையும் காட்டும். இரண்டு கோடிப் பேரின் அட்டவணையில் ஒருவரைப் பிடிக்க அது இரண்டு கோடி வரிகளையும் வாசிப்பதில்லை. 1970களின் தொடக்கத்தில் பாயரும் மெக்ரைட்டும் உருவாக்கிய பி-மரம் என்ற இன்டெக்ஸ் அமைப்பில், ஒரு பக்கம் 200 கிளைகளுக்கு வழி சொல்கிறது என்று வையுங்கள். இரண்டாம் படியில் 40,000, மூன்றாவதில் 80 லட்சம், நான்காவதில் 160 கோடி. இலங்கையின் முழுச் சனத்தொகையும் நாலு பக்கம் புரட்டும் தூரத்தில் இருக்கிறது!

ஆனால் இந்த வேகத்துக்கு அடையாள அட்டை இலக்கத்தின் முன்பகுதி தெரிய வேண்டும். 1985இல் பிறந்தவர்கள் யார் என்றால் கண்மூடித் திறப்பதற்குள் விடை வரும், அவர்கள் வரிசையில் ஒன்றாக நிற்பதால். கடைசி இரண்டு இலக்கம் 27 ஆக உள்ளவர்கள் யார் என்று கேட்டால் முழுப் பட்டியலையும் மேய வேண்டியதுதான். தொலைபேசி விபரக்கொத்தில் ‘ன்’ என்று முடியும் பெயர்களைத் தேடுகிற பாடு.

கடையில் நின்றபடியே புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவைத் திறந்து சாவி, இயல்பாக்கம் (ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிப்பது), இன்டெக்ஸ் ஆகிய மூன்று சொற்களையும் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரேயொரு பக்க எண்தான் போட்டிருக்கிறது என்றால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.